ஆர்.ஓ. நீர்: இயந்திரம் வாங்கினால் போதுமா?

நீரை விலை கொடுத்து வாங்கிக் குடிக்கும் காலம் வரும் என்று நாற்பது வருடங்களுக்கு முன்னர் யாராவது சொல்லியிருந்தால், ஊரார் அவரை ஒரு மாதிரியாகத்தான் பார்த்திருப்பார்கள். கிணறு வீட்டு முற்றத்திலேயே இருக்கும்போது நீருக்கு என்ன விலை? ஆனால் இன்று அநுராதபுரம், பொலன்னறுவை, வவுனியா, புத்தளம் மாவட்டங்களின் உட்புறக் கிராமங்களுக்குச் சென்று பாருங்கள். ஒரு சிறிய கட்டடம், அதன் வெளிச்சுவரில் இரண்டு மூன்று குழாய்கள், முன்னால் சைக்கிளிலும் முச்சக்கர வண்டியிலும் பிளாஸ்டிக் கேன்களோடு காத்திருக்கும் மக்கள். இதுதான் ஆர்.ஓ. நிலையம். லீற்றருக்குச் சில ரூபாய்களைக் கொடுத்துக் குடிநீரைப் பெற்றுச் செல்கிறார்கள்.

எனது வியாபாரம் பைப், பம்ப் சம்பந்தப்பட்டது என்பதால், "ஹாஜியார், ஒரு ஆர்.ஓ. பிளாண்ட் போட எவ்வளவு முடியும்?" என்று கேட்டு வருபவர்கள் அதிகம். பள்ளிவாசல் நிர்வாக சபையினர், வெளிநாட்டில் உழைத்துவிட்டு ஊர் திரும்பியவர்கள், புதிதாகத் தொழில் தொடங்க நினைக்கும் இளைஞர்கள் எனப் பலதரப்பட்டவர்கள். எல்லோரும் இயந்திரத்தின் விலையைத்தான் கேட்கிறார்கள். அதனை நடத்துவதற்கு மாதம் எவ்வளவு முடியும் என்று கேட்பவர் அரிது. இக்கட்டுரை அந்த இரண்டாவது கேள்விக்காகவே எழுதப்படுகிறது.

அச்சாறு சொல்லும் விஞ்ஞானம்

முதலில் இந்த இயந்திரத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்வோம். வீட்டில் தேசிக்காய் ஊறுகாய் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். வெட்டிய தேசிக்காயில் உப்பைத் தூவி வைத்தால், மறுநாள் பாத்திரத்தின் அடியில் நீர் நிற்கும். நாம் நீர் ஊற்றவில்லை. காயினுள்ளே இருந்த நீரே மெல்லிய சவ்வுகளைக் கடந்து உப்பு அதிகமாக உள்ள பக்கத்துக்கு வந்திருக்கிறது. உலர்ந்த முந்திரிகையை நீரில் போட்டால் ஊதிப் பெருப்பதும் இதே காரணத்தால்தான். இதனைப் பாடசாலைப் புத்தகத்தில் பிரசாரணம் என்று படித்தோம். நீர் தானாகச் செல்வது எப்போதும் உப்புக் குறைந்த பக்கத்திலிருந்து உப்புக் கூடிய பக்கத்துக்கே.

இதனைத் தலைகீழாக நடத்தினால் என்ன? உப்பு நீர் உள்ள பக்கத்தில் பம்ப் மூலம் பலமான அழுத்தத்தைக் கொடுத்தால், நீர் மட்டும் சவ்வைக் கடந்து மறுபக்கம் செல்லும், உப்பு பின்தங்கிவிடும். இதுவே நேர்மாறு பிரசாரணம். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களைச் சேர்த்து ஆர்.ஓ. என்கிறோம்.

இதற்கு எவ்வளவு அழுத்தம் தேவை என்பது நீரில் எவ்வளவு உப்பு உண்டு என்பதைப் பொறுத்தது. கார் டயரில் இருக்கும் அழுத்தம் ஏறக்குறைய 2 பார். கடல் நீரின் இயல்பான பிரசாரண அழுத்தமே ஏறக்குறைய 27 பார். அதனை வென்று நன்னீரைப் பெற 55 முதல் 70 பார் வரை தள்ள வேண்டும். எமது வரண்ட வலயக் கிணற்று நீருக்கு அவ்வளவு தேவையில்லை. 8 முதல் 15 பார் வரை போதுமானது. மின்கட்டண வித்தியாசத்தின் ஆரம்பமே இங்குதான் இருக்கிறது.

கலிபோர்னியாவில் தொடங்கியது

சவ்வின் வழியே நீர் கடந்து செல்வதை 1748ஆம் ஆண்டிலேயே பிரான்ஸ் நாட்டு அறிஞர் நொலே பன்றியின் சிறுநீர்ப்பைத் தோலைக் கொண்டு அவதானித்திருந்தார். ஆனால் இருநூறு வருடங்களாக அது ஆய்வுகூடத்து விடயமாகவே இருந்தது. உப்பைத் தடுக்கும் சவ்வுகள் 1950களில் கிடைத்தபோதும், அவற்றினூடாக நீர் சொட்டுச் சொட்டாகவே வந்தது. வியாபாரத்துக்கு அது உதவாது.

இந்தத் தடையை உடைத்தவர்கள் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தைச் சேர்ந்த இருவர். ஒருவர் சிட்னி லோப். மற்றவர் இந்தியாவில் பிறந்த ஸ்ரீநிவாச சௌரிராஜன். 1950களின் கடைசியில் இவர்கள் செலுலோஸ் அசற்றேற்று என்ற பொருளினால் ஒரு சவ்வைத் தயாரித்தனர். அதன் மேற்பரப்பில் மிக மெல்லிய படை ஒன்று உப்பைத் தடுக்கும். கீழே உள்ள தடித்த பகுதி பஞ்சுபோல் நுண்துளைகள் நிறைந்தது. அது தாங்கிப் பிடிப்பதற்கு மட்டுமே. தடுக்கும் படை மெல்லியதாகியதால் நீர் பல மடங்கு வேகமாகக் கடந்தது. 1965ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் கொலிங்கா என்ற சிற்றூரில், இந்தச் சவ்வைக் கொண்டு உவர்நீரைக் குடிநீராக்கும் நிலையம் இயங்கத் தொடங்கியது. பின்னர் 1970களில் ஜோன் கடொட் என்ற அமெரிக்கர் பொலிஎமைட் படையைக் கொண்ட சவ்வை உருவாக்கினார். இன்று எமது கடைகளில் விற்கப்படும் ஆர்.ஓ. சவ்வுகள் அநேகமாக இந்த வகையைச் சேர்ந்தவையே.

வளைகுடா நாடுகளில் தொழில் புரிந்த எம்மவர்கள் குடித்த நீர் பெரும்பாலும் கடல் நீரிலிருந்து பெறப்பட்டதுதான். முன்னர் அங்கு கடல் நீரைச் சூடாக்கி, ஆவியாக்கிக் குளிரச் செய்யும் முறையே முதன்மையாக இருந்தது. எரிபொருள் மலிவாக இருந்ததால் அது கட்டுப்படியாகியது. இப்போது அங்கும் சவ்வு முறைக்கே மாறி வருகின்றனர். அபூதாபியின் தவீலாவில் உள்ள ஆர்.ஓ. நிலையம் நாளொன்றுக்கு 9 இலட்சம் கனமீற்றருக்கு மேல் நன்னீரைத் தயாரிக்கும் ஆற்றல் கொண்டது. எமது நாட்டிலும் யாழ்ப்பாணத்தின் தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் கொள்ளளவு கொண்ட கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் 2024 ஆகஸ்டில் திறந்து வைக்கப்பட்டது.

எந்த நீருக்கு எந்தச் சவ்வு?

"ஃபில்டர்" என்ற ஒரே சொல்லால் எல்லாவற்றையும் அழைப்பதால்தான் பலர் ஏமாறுகிறார்கள். சவ்வுகளில் நான்கு தரம் உண்டு. அவற்றின் துளைகளை ஒப்பிட்டுப் பார்ப்போம். தலைமுடியின் தடிப்பு ஏறக்குறைய 70 மைக்ரோன். பற்றீரியா ஒன்றின் அளவு ஒரு மைக்ரோன் அளவில் இருக்கும். முதலாவது தரமான நுண்வடிகட்டல் சவ்வின் துளை ஒரு மைக்ரோனின் பத்தில் ஒரு பங்கிலிருந்து ஆரம்பமாகிறது. அது கலங்கலையும் பெரும்பாலான பற்றீரியாக்களையும் நிறுத்தும். இரண்டாவது யு.எஃப். எனப்படுவது. அதன் துளை ஒரு மைக்ரோனின் நூறில் ஒரு பங்கு அளவானது. வைரஸ்களையும் பெருமளவில் தடுத்துவிடும். மூன்றாவது நானோ வடிகட்டல். கல்சியம், மகனீசியம் போன்ற கடின நீரின் உப்புகளைத் தடுத்து, சாதாரண உப்பில் ஒரு பகுதியைக் கடந்து செல்ல விடும். நான்காவதே ஆர்.ஓ. அது கரைந்த உப்புகளில் 95 வீதத்துக்கும் மேல் தடுக்கக்கூடியது.

ஆற்று நீரோ மழைநீரோ உள்ள இடத்தில் பிரச்சினை கலங்கலும் கிருமியும்தான். அங்கே யு.எஃப். போதுமானது. குறைந்த அழுத்தத்தில் இயங்கும், மின்சாரம் குறைவு, வீணாகும் நீரும் குறைவு. அந்த இடத்தில் ஆர்.ஓ. விற்பவர் வாடிக்கையாளரின் பணத்தை வீணாக்குகிறார். அதேபோல் புளோரைட்டு கூடிய கிணற்று நீருக்கு யு.எஃப். விற்பவரும் ஏமாற்றுகிறார். ஏனெனில் நீரில் கரைந்துள்ள எதனையும் யு.எஃப். தடுக்காது.

கொதிக்க வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் எம்மிடம் உண்டு. கிருமிக்கு அது மிகச் சிறந்த மருந்துதான். ஆனால் புளோரைட்டும் நைத்திரேற்றும் கொதிக்கும்போது எங்கும் போவதில்லை. நீர் ஆவியாகிக் குறைய, மீதி நீரில் அவற்றின் செறிவு சற்றுக் கூடவே செய்யும்.

எமது கிணறுகளின் நிலை

எமது நாட்டின் குடிநீருக்கான எஸ்.எல்.எஸ். 614 தரநிர்ணயத்தின்படி ஒரு லீற்றர் நீரில் கரைந்த திண்மங்கள் 500 மில்லிகிராமுக்கும், கடினத்தன்மை 250 மில்லிகிராமுக்கும், புளோரைட்டு 1 மில்லிகிராமுக்கும், நைத்திரேற்று 50 மில்லிகிராமுக்கும் மேற்படக் கூடாது. வரண்ட வலயத்தின் பல குழாய்க் கிணறுகள் இந்த எல்லைகளைத் தாண்டியவை. நிலத்தடிப் பாறைகளிலிருந்து புளோரைட்டும் கல்சியமும் கரைந்து வருகின்றன. சிறு பிள்ளைகளின் பற்களில் மண்ணிறக் கறை விழுவது புளோரைட்டின் அடையாளம்.

கற்பிட்டிப் பிரதேசத்தின் பிரச்சினை வேறு வகையானது. அங்கே நிலம் மணல். நன்னீர் மேலோட்டமாகவே நிற்கிறது. வருடம் முழுவதும் மரக்கறிச் செய்கைக்காக இடப்படும் பசளை மணலினூடாக இலகுவில் நீரோடு கலந்து நைத்திரேற்றைக் கூட்டுகிறது. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட எமது மக்களில் பெருந்தொகையினர் குடியேறி வாழும் புத்தளம் மாவட்டத்தில் இது அலட்சியப்படுத்தக்கூடிய விடயமல்ல. நைத்திரேற்று கூடிய நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றல் குறையும். கிழக்கிலோ கரையோரக் கிணறுகள் 2004 சுனாமியின்போது கடல் நீரால் நிரம்பின. சன நெரிசல் மிகுந்த கரையோர ஊர்களில் மலசலகூடக் குழியும் கிணறும் அருகருகே இருப்பது இன்னொரு தொல்லை.

இவை எல்லாவற்றையும் விட மக்களை அச்சுறுத்தியது சிறுநீரக நோயே. மதவாச்சி, பதவியா, கெபித்திகொல்லாவ, கிராந்துருகோட்டை போன்ற பகுதிகளில் நீரிழிவோ உயர் இரத்த அழுத்தமோ இல்லாத விவசாயிகள் சிறுநீரகம் செயலிழந்து போவதை 1990களில் வைத்தியர்கள் அவதானிக்கத் தொடங்கினர். கடின நீர், புளோரைட்டு, பார உலோகங்கள், விவசாய இரசாயனங்கள், வெயிலில் போதிய நீர் அருந்தாது உழைத்தல் எனப் பல காரணங்கள் ஆராயப்பட்டுள்ளன. ஒரே காரணம் இதுதான் என்ற இறுதி முடிவு எட்டப்படவில்லை. ஆயினும் நீரின் மீது சந்தேகம் விழுந்ததும் ஆர்.ஓ. நிலையங்கள் பெருகின. நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை, சமூக அமைப்புகள், தனியார் கம்பனிகள் என்பவற்றோடு, இலங்கைக் கடற்படையும் 2015ஆம் ஆண்டளவிலிருந்து குறைந்த செலவில் தாமே ஒன்றிணைத்த நூற்றுக்கணக்கான நிலையங்களைக் கிராமங்களில் நிறுவியது.

வர்த்தகர்கள் ஒரு விடயத்தில் கவனமாக இருக்க வேண்டும். "எமது நீரைக் குடித்தால் சிறுநீரக நோய் வராது" என்று போர்ட் போட்டு விற்பது தவறு. காரணமே உறுதியாகாத நோய்க்கு எவரும் உத்தரவாதம் தர முடியாது. கடினத்தன்மையும் புளோரைட்டும் குறைந்த, சுவையான நீர் தருகிறோம் என்று சொல்லலாம். அது உண்மை, அது போதும்.

கணக்கைப் பார்ப்போம்

ஒரு கிராமத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 300 வீடுகள். குடிக்கவும் சமைக்கவும் வீட்டுக்கு நாளொன்றுக்கு 20 லீற்றர். மொத்தம் 6,000 லீற்றர். மணித்தியாலத்துக்கு 1,000 லீற்றர் தயாரிக்கும் நிலையம் ஆறு மணித்தியாலம் ஓடினால் போதும். இதற்கு நான்கு அங்குல விட்டமும் நாற்பது அங்குல நீளமும் கொண்ட, 4040 எனப்படும் சவ்வுக் குழல்கள் நான்கு அளவில் தேவைப்படும். 1,000 லீற்றருக்கு ஏறக்குறைய 2 அலகு மின்சாரம் என்று கொண்டால் நாளொன்றுக்கு 12 அலகு.

இப்போது வருமானம். லீற்றருக்கு 2 ரூபா அறவிடுவதாக வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 12,000 ரூபா. இதில் மின்கட்டணம், நிலையத்தைப் பார்த்துக்கொள்பவரின் சம்பளம், வடிகட்டித் திரிகள், இரசாயனம், நீர்ப் பரிசோதனைக் கட்டணம் என்பவற்றைக் கழிக்க வேண்டும். மீதியைப் பார்த்து, "நல்ல இலாபம்தானே" என்று பலர் மகிழ்ந்துவிடுவார்கள். அங்கேதான் தவறு நிகழ்கிறது. சவ்வின் ஆயுள் நல்ல பராமரிப்பில் மூன்று முதல் ஐந்து வருடங்கள். பம்பும் ஒருநாள் பழுதடையும். ஒவ்வொரு லீற்றரிலும் 50 சதத்தைத் தொடாமல் தனிக் கணக்கில் போட்டால், நாளொன்றுக்கு 3,000 ரூபா, மாதம் 90,000 ரூபா, வருடம் 10 இலட்சத்து 80 ஆயிரம் ரூபா சேரும். இந்தப் பணம் இருக்கும் நிலையம் பழுதடைந்த மறுநாளே ஓடும். இந்தப் பணம் இல்லாத நிலையம் அடுத்த நன்கொடையாளர் வரும்வரை பூட்டிக் கிடக்கும்.

கடைகளில் விற்கும் போத்தல் நீரோடு இதனை ஒப்பிட்டுப் பாருங்கள். 2025 ஏப்ரலில் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை ஒரு லீற்றர் போத்தல் நீருக்கு 100 ரூபாவை உச்ச சில்லறை விலையாக நிர்ணயித்தது. கிராமத்து நிலையத்தின் நீர் அதில் ஐம்பதில் ஒரு பங்கு. ஆகவே மக்கள் 2 ரூபாவுக்குப் பதிலாக இரண்டரை ரூபா கொடுக்கத் தயங்கமாட்டார்கள். நிலையம் மூடப்பட்டால்தான் அவர்களுக்கு உண்மையான நட்டம்.

சவ்வு எப்படிச் சாகிறது?

கேத்தலின் உட்புறத்தில் வெள்ளையாகப் படியும் சுண்ணாம்பை எல்லோரும் கண்டிருப்போம். ஆர்.ஓ. சவ்வின் மேலும் அதுவே படிகிறது. உள்ளே செல்லும் நீரில் பாதி சுத்தமாகி வெளியேற, மீதிப் பாதியில் உப்புச் செறிவு இரட்டிப்பாகிறது. கல்சியம் கரைந்திருக்க முடியாமல் சவ்வின் மீது படிகிறது. இதனைத் தடுக்கவே படிவு எதிர்ப்பு இரசாயனத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்கிறோம். "அந்த மருந்து முடிந்து ஒரு மாதமாகிறது, இயந்திரம் நன்றாகத்தானே ஓடுகிறது" என்று சொல்லும் பராமரிப்பாளர், சவ்வைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றுகொண்டிருக்கிறார்.

இரண்டாவது எதிரி குளோரீன். பொலிஎமைட் சவ்வு குளோரீனைத் தாங்காது. அதனால்தான் முன்னால் காபன் வடிகட்டி வைக்கப்படுகிறது. கிணற்றுக்குக் குளோரீன் போட்ட மறுநாள் யோசிக்காமல் இயந்திரத்தைப் போட்டால், தேய்ந்துபோன காபனைக் கடந்து குளோரீன் சவ்வை அரித்துவிடும். அந்தச் சேதத்தைக் கழுவிச் சரிசெய்ய முடியாது. புதியது வாங்க வேண்டியதுதான். மூன்றாவது, 5 மைக்ரோன் திரியை நேரத்துக்கு மாற்றாமல் விடுவது. சில நூறு ரூபா மிச்சம் பிடிக்கப் போய்ப் பல்லாயிரம் ரூபாவை இழக்கும் வேலை இது.

இதற்கெல்லாம் பெரிய படிப்புத் தேவையில்லை. ஒரு கொப்பியும் பேனையும் போதும். தினமும் அழுத்தமானியின் வாசிப்பு, சுத்த நீரின் அளவு, வெளியேறும் நீரின் அளவு, டி.டி.எஸ். வாசிப்பு ஆகிய நான்கையும் எழுதி வர வேண்டும். சுத்த நீரின் அளவு 10 முதல் 15 வீதம் குறைந்தால் சவ்வைக் கழுவும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். சுண்ணாம்புப் படிவுக்குச் சித்திரிக் அமிலமும், வழுவழுப்பான அழுக்குக்குக் காரக் கரைசலும் பயன்படும். கடைக்குக் கணக்குப் புத்தகம் எப்படியோ, ஆர்.ஓ. நிலையத்துக்கு இந்தக் கொப்பி அப்படி.

டி.டி.எஸ். மீற்றர் பற்றியும் ஒரு வார்த்தை. அது கரைந்த உப்பை மட்டுமே காட்டும். 20 என்று காட்டும் நீரிலும் கிருமி இருக்கலாம். தாங்கி அழுக்காக இருந்தால், மக்கள் கொண்டுவரும் கேன் பாசி பிடித்திருந்தால், சவ்வு செய்த வேலை எல்லாம் வீண். ஆகவே கிருமிப் பரிசோதனையைத் தனியாகச் செய்ய வேண்டும்.

வீடு வீடாக வந்து இரண்டு கம்பிகளை நீரில் விட்டு மின்சாரம் பாய்ச்சிக் காட்டும் விற்பனையாளர்களையும் கண்டிருப்பீர்கள். கிணற்று நீர் சில நொடிகளில் செம்மண் நிறமாகும். அவர்கள் கொண்டுவந்த ஆர்.ஓ. நீர் தெளிவாகவே இருக்கும். பெண்கள் பயந்துபோய் உடனே முற்பணம் கொடுத்துவிடுவார்கள். அந்த நிறம் கிணற்றிலிருந்து வந்ததல்ல, அந்த இரும்புக் கம்பியிலிருந்து கரைந்து வந்தது. உப்புள்ள நீர் மின்சாரத்தைக் கடத்துவதால் கம்பி கரைகிறது. உப்பில்லாத நீரில் மின்சாரம் பாய்வது மிகக் குறைவு, கம்பியும் கரைவதில்லை. இந்த வித்தையைக் காட்டி விற்பவரிடம் எதனையும் வாங்க வேண்டாம்.

மீதி நீர் எங்கே போகிறது?

எமது உதாரணக் கிராமத்தில் 6,000 லீற்றர் சுத்த நீருக்கு இன்னொரு 6,000 லீற்றர் செறிந்த நீர் வெளியேறுகிறது. பல இடங்களில் இது நிலையத்துக்குப் பின்னால் உள்ள குழிக்குள் விடப்படுகிறது. குழியிலிருந்து நிலத்துக்கும், நிலத்திலிருந்து அயல் வீட்டுக் கிணற்றுக்கும் போகிறது. நாம் ஒரு வீட்டுக்கு நல்ல நீர் கொடுத்து அடுத்த வீட்டின் கிணற்றைக் கெடுப்பது எந்த வகையில் நியாயம்? மலசலகூடம் கழுவுதல், வாகனம் கழுவுதல், சீமெந்து வேலை போன்றவற்றுக்கு இந்த நீரைப் பயன்படுத்தலாம். அதற்கெனத் தனித் தாங்கியை ஆரம்பத் திட்டத்திலேயே சேர்க்க வேண்டும். வீடுகளில் பொருத்தும் சிறிய ஆர்.ஓ. கருவிகள் இன்னும் வீண்விரயமானவை. ஒரு லீற்றர் பெற மூன்று லீற்றர் வரை வெளியேறுவது சாதாரணம். இந்தியாவின் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019ஆம் ஆண்டு, டி.டி.எஸ். 500 மில்லிகிராமுக்குக் குறைவான இடங்களில் ஆர்.ஓ. கருவிகளைத் தடை செய்யுமாறு பணித்தது இந்த வீண்விரயத்தைக் கருத்திற் கொண்டுதான்.

நன்கொடையாக வரும் இயந்திரம்

எமது சமூகத்தில் கிணறு தோண்டிக் கொடுப்பது நிலையான தர்மமாகக் கருதப்படுகிறது. அந்த எண்ணத்தோடு தனவந்தர்கள் இன்று பள்ளிவாசல்களுக்கும் பாடசாலைகளுக்கும் ஆர்.ஓ. இயந்திரங்களை அன்பளிப்புச் செய்கிறார்கள். நல்ல விடயம். ஆனால் கிணறும் இயந்திரமும் ஒன்றல்ல. கட்டிய கிணறு பராமரிப்பில்லாமலும் பல வருடம் நீர் தரும். ஆர்.ஓ. இயந்திரம் இரண்டு வருடத்தில் பழைய இரும்பாகிவிடும். திறப்பு விழாப் பெயர்ப்பலகை பளபளப்பாக இருக்க, உள்ளே இயந்திரம் தூசி படிந்து கிடக்கும் இடங்கள் சிலவற்றை நான் நேரில் கண்டிருக்கிறேன். விசாரித்தால், "சவ்வு மாற்றக் காசில்லை" என்பதே பதில். "பள்ளிவாசல் நீருக்குக் காசு வாங்குவதா?" என்ற கூச்சத்தால் இலவசமாகவே கொடுத்திருக்கிறார்கள். ஏழைகளுக்கு இலவசமாகக் கொடுங்கள்; வசதியுள்ளவர்களிடம் லீற்றருக்கு ஒரு தொகையைப் பெற்று நிதியமாகச் சேருங்கள். நன்கொடை வழங்குபவரும் பத்து இலட்சம் தருவதாக இருந்தால் ஏழு இலட்சத்தை இயந்திரத்துக்கும் மூன்று இலட்சத்தைப் பராமரிப்பு நிதிக்கும் ஒதுக்கினால், அவர் நாடிய நன்மை நீண்ட காலம் தொடரும்.

சிங்கப்பூர் தரும் பாடம்

சவ்வுத் தொழிலில் பெரிய முதலீட்டைப் பற்றிக் கனவு காண்பவர்கள் சிங்கப்பூரின் ஹைஃப்ளக்ஸ் கம்பனியின் கதையை அறிந்திருக்க வேண்டும். ஒலிவியா லம் என்ற பெண்மணி 1989இல் சிறிய முதலோடு தொடங்கிய கம்பனி அது. சவ்வுத் தொழில்நுட்பத்தால் உயர்ந்து, 2005இல் சிங்கப்பூரின் முதலாவது கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்தை அமைத்தது. பின்னர் துவாஸ்பிரிங் என்ற இன்னும் பெரிய நிலையத்தை மின் உற்பத்தி நிலையத்தோடு சேர்த்துக் கட்டியது. நீரை அரசுக்கு மலிவாக விற்று, மீதி மின்சாரத்தைச் சந்தையில் விற்று இலாபம் காண்பதே திட்டம். மின்சாரத்தின் சந்தை விலை வீழ்ந்தது. கடன் மட்டும் வீழவில்லை. 2018 மே மாதம் கம்பனி நீதிமன்றப் பாதுகாப்பை நாடியது. ஏறக்குறைய 34,000 சிறு முதலீட்டாளர்களின் 90 கோடி சிங்கப்பூர் டொலர் சிக்கியது. 2019இல் துவாஸ்பிரிங் நீர் நிலையத்தை அரச நீர் முகவரகம் பொறுப்பேற்றது. 2021இல் கம்பனி கலைக்கப்பட்டது. நீர் நிலையத்தின் சவ்வுகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. கணக்குத்தான் உடைந்தது.

வர்த்தகருக்கு இடம் எங்கே?

இயந்திரம் இறக்குமதி செய்து விற்பதில் போட்டி அதிகம். ஆனால் நிறுவப்பட்ட நிலையங்களைப் பராமரிக்க ஆள் இல்லை. ஒரு மோட்டார் சைக்கிள், கழுவும் பம்ப், சில அளவுகருவிகள், பயிற்றப்பட்ட இரண்டு இளைஞர்கள் என்ற சிறு முதலோடு, மாதாந்த ஒப்பந்தத்தில் இருபது நிலையங்களைப் பராமரிக்கும் தொழிலை ஆரம்பிக்கலாம். திரி, காபன், இரசாயனம் ஆகியவற்றின் விற்பனையும் அதனோடு சேர்ந்து வரும். போத்தலில் அடைத்து விற்க விரும்புபவர்கள் முன்கூட்டியே பொதுச் சுகாதாரப் பரிசோதகரைச் சந்தித்து, உணவுச் சட்டத்தின் கீழான பதிவையும் எஸ்.எல்.எஸ். 894 தரத்தின் தேவைகளையும் அறிந்துகொள்ள வேண்டும்.

ஆபத்துகளையும் மறைக்கக் கூடாது. நீர் வழங்கல் சபையின் குழாய் ஊருக்குள் வந்த நாளில் ஆர்.ஓ. நிலையத்தின் வியாபாரம் பாதியாகிவிடும். ஜப்பானிய உதவியுடனான அநுராதபுரம் வடக்குத் திட்டம் போன்றவை நோய் கூடிய பிரதேசங்களை நோக்கியே வகுக்கப்பட்டவை. உங்கள் ஊருக்குக் குழாய் வரும் திட்டம் உண்டா என்று விசாரிக்காமல் முதலிட வேண்டாம். மழைநீரும் ஒரு போட்டியாளர்தான். ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் நீர். வருடம் 1,200 மில்லிமீற்றர் பெய்யும் ஊரில் 50 சதுர மீற்றர் கூரை 60,000 லீற்றரைத் தருகிறது. இதில் கால் பங்கு வீணானாலும் 45,000 லீற்றர் மீதி. நாளுக்கு 20 லீற்றர் வீதம் ஒரு குடும்பத்தின் வருடாந்தத் தேவை 7,300 லீற்றர் மட்டுமே. சுத்தமான கூரையும் நல்ல தாங்கியும் உள்ள வீட்டுக்கு ஆர்.ஓ. அவசியமில்லை.

ஆகவே வாங்கும் முன் ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். முதலாவது, கிணற்று நீரின் முழுமையான ஆய்வுகூட அறிக்கை கையில் உண்டா? இரண்டாவது, நூறு லீற்றர் உள்ளே சென்றால் எத்தனை லீற்றர் சுத்தமாகி வருகிறது? மூன்றாவது, மீதி நீர் எங்கே செல்லும்? நான்காவது, பழுதானால் எத்தனை நாட்களில் யார் வருவார்கள், உதிரிப்பாகம் நாட்டில் கிடைக்குமா? ஐந்தாவது, சவ்வு மாற்றும் நிதி எந்தக் கணக்கில், யாருடைய பொறுப்பில் இருக்கும்? விற்பனையாளர் முதல் நான்குக்கும் எழுத்தில் பதில் தர வேண்டும். ஐந்தாவதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாங்களே. நிர்வாக சபைக் கூட்டத்தில் அந்தப் பதிலை அறிக்கைப் புத்தகத்தில் பதிந்த பின்னர் இயந்திரத்தைப் பற்றிப் பேசலாம்.